சஹ்யாத்ரியின் இருபுறமும்: தாதாசாகெப் பால்கேயின் வழித்தடம்

மும்பையிலிருந்து தக்காணத்துக்கு ஏறும் பழைய இருப்புப்பாதைகள் இரண்டும் கல்யாண் சந்திப்பில் பிரிகின்றன. வடகிழக்கே செல்வது, 1865இல் திறக்கப்பட்ட தள் கணவாய் வழியே கசாராவையும் இகத்புரியையும் கடந்து நாசிக்கை அடைகிறது. தென்கிழக்கே செல்வது, 1863இல் திறக்கப்பட்ட போர் கணவாயில் மலையேறி, லோணாவளாவைத் தாண்டிப் புனேயைச் சேர்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் இப்பகுதியை அங்குள்ளோர் சஹ்யாத்ரி என்று அழைக்கின்றனர். அம்மலைக்கு மேற்கே கடலையொட்டிய பம்பாய், கிழக்கே பீடபூமியின் விளிம்பில் நாசிக்கும் புனேயும் என அமைந்த இந்த முக்கோணத்துக்குள்தான், இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படத்தை இயக்கியவரும் அதன் திரைக்கதையைத் தாமே எழுதியவருமான துண்டிராஜ் கோவிந்த் பால்கேயின் (1870–1944) தொழில் வாழ்க்கை பெரும்பாலும் நடந்தது.

தாதாசாகெப் என்ற மதிப்புப் பெயரால் அறியப்படும் பால்கேயின் வரலாறு, முதல் படம் எடுக்க அவர் பட்ட பாடுகளின் கதையாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. ஊர்களின் வரிசையில் வைத்துப் பார்க்கும்போது அவ்வரலாற்றில் வேறொரு கேள்வி எழுகிறது. கொட்டகைகளும் பார்வையாளர் கூட்டமும் முதலீட்டாளர்களும் பம்பாயில் இருக்க, முதல் படம் வெளியான 1913ஆம் ஆண்டிலேயே அவர் தம் தொழிற்கூடத்தை மலைக்கு அப்பால் நாசிக்கிற்கு மாற்றிக்கொண்டார். சந்தை ஒரு புறமும் பட்டறை மறுபுறமுமாகப் பிரிந்த இந்த ஏற்பாடு அவருக்கு எதைத் தந்தது, எதை இழக்கச் செய்தது என்பதை அறிய, அவ்வூர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து செல்வதே தக்க வழி.

கிர்காவ்

பம்பாயின் திரைப்பட வரலாறு தொடங்கிய கட்டடம் கோட்டைப் பகுதியின் காலா கோடாவில் சிதைந்த நிலையில் இன்றும் நிற்கிறது. வாட்சன் ஓட்டலாக இருந்த அதில்தான் 1896 ஜூலை 7 அன்று லூமியேர் சகோதரர்களின் அசையும் படங்கள் காட்டப்பட்டன. அந்தக் காட்சிக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்கள். பால்கேயின் பம்பாயோ அதற்கு வடக்கே, சர்னி ரோடு, கிராண்ட் ரோடு நிலையங்களை ஒட்டிப் பரவிய கிர்காவ் ஆகும். பொதுத் தாழ்வாரத்தை ஒட்டி ஒற்றையறை வீடுகள் வரிசையாக அமைந்த மாடிக் குடியிருப்புகளுக்கு அந்நகரில் சால் என்று பெயர். அத்தகைய சால்களும் அச்சுக்கூடங்களும் மராத்தி நாடகக் கொட்டகைகளும் நெருங்கியிருந்த அப்பகுதியில், படித்த நடுத்தர வகுப்பினரும் ஆலைத் தொழிலாளரும் ஒரே தெருவைப் பகிர்ந்துகொண்டனர்.

1911 ஏப்ரலில், ஈஸ்டர் நாட்களையொட்டி, கிர்காவிலிருந்த அமெரிக்கா இந்தியா பிக்சர் பேலஸ் என்ற கொட்டகையில் கிறிஸ்துவின் வாழ்க்கையைச் சொல்லும் ஒரு படத்தைப் பால்கே குடும்பத்துடன் பார்த்தார். திரையில் கிறிஸ்து நகர்ந்துகொண்டிருந்தபோது தம் மனக்கண்ணில் கிருஷ்ணனும் இராமனும் கோகுலமும் அயோத்தியும் தோன்றியதாக, 1917–18இல் ‘நவயுக்’ என்ற மராத்தி இதழில் எழுதிய கட்டுரைத் தொடரில் அவர் குறிப்பிட்டார். அப்படத்தைப் பார்த்தபோது அவருக்கு வயது 40, வேலையில்லை, அச்சுத்தொழிலில் கூட்டாளிகளுடன் மனம் கசந்து வெளியேறியிருந்தார். அடுத்த பல மாதங்கள் கிடைத்த படங்களையெல்லாம் இடைவிடாது பார்த்ததில் கண்பார்வையே மங்கி, மருத்துவரின் சிகிச்சையால் மீண்டது. தம் ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துப் பணம் திரட்டி, 1912 பிப்ரவரியில் இலண்டனுக்குக் கப்பலேறினார். ‘பயாஸ்கோப்’ என்ற திரைத்தொழில் வார இதழின் ஆசிரியர் கேபர்ன் அவரை வால்ட்டனில் படத்தயாரிப்புக் கூடம் நடத்திவந்த செசில் ஹெப்வர்த்திடம் அனுப்பிவைத்தார். அங்குத் தொழிலின் எல்லாப் பிரிவுகளையும் நேரில் கண்டறிந்த பால்கே, கையால் சுழற்றி இயக்கும் வில்லியம்சன் கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு ஏப்ரலில் ஊர் திரும்பினார்.

அதே ஆண்டு மே 18 அன்று, கிர்காவ் பகுதியின் கொரோனேஷன் சினிமாட்டோகிராஃப் என்ற கொட்டகையில் ராமச்சந்திர கோபால் தோர்ணேயின் ‘புண்டலிக்’ திரையிடப்பட்டது. பால்கேக்கு முன்னோடி என்ற இடத்தைத் தோர்ணேவுக்கு வழங்க வேண்டும் என வாதிடுவோர் உண்டு. மேடையில் நடந்த நாடகத்தை ஆங்கிலேய ஒளிப்பதிவாளர் ஒருவரைக் கொண்டு பதிவுசெய்து, படச்சுருளை இலண்டனுக்கு அனுப்பிக் கழுவிப் பெற்ற படம் அது. 1913 ஏப்ரல் 21 அன்று கிராண்ட் ரோடு ஒலிம்பியா அரங்கில் அழைக்கப்பட்டோருக்குக் காட்டப்பட்டு, மே 3 அன்று அதே கொரோனேஷனில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட பால்கேயின் ‘ராஜா ஹரிச்சந்திரா’வோ கதை எழுதியது முதல் பிரதி எடுத்தது வரை எல்லாம் இங்கேயே செய்யப்பட்ட படம். முதன்மை பற்றிய வழக்கில் எத்தரப்பை ஏற்றாலும், பால்கே தொடங்கிவைத்தது ஒரு படத்தை மட்டுமன்று, ஒரு தொழிலின் முழுச் சங்கிலியையும் என்பது இந்த வேறுபாட்டால் விளங்கும்.

கொரோனேஷன் இன்று இல்லை. அது நின்ற சாண்ட்ஹர்ஸ்ட் சாலையின் பெயரும் மாறிவிட்டது. பால்கேயின் காலத்தோடு தொடர்புடைய அரங்கு ஒன்றைக் காண விரும்புவோர், சற்றுத் தொலைவில் 2016இல் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திறக்கப்பட்ட ராயல் ஓப்பரா ஹவுசுக்குச் செல்லலாம். அவருடைய கடைசிப் படமும் ஒரே பேசும் படமுமான ‘கங்காவதரண்’ 1937இல் முதன்முதலாகத் திரையிடப்பட்டது அங்கேதான். இருபத்துநான்கு ஆண்டுகள் நீண்ட ஒரு தொழில் வாழ்க்கையின் தொடக்கமும் முடிவும் பம்பாயின் ஒரே வட்டாரத்தில் நிகழ்ந்தன. இடைப்பட்ட உழைப்போ பெரும்பாலும் வேறிடத்தில் நடந்தது.

தாதர்

கிர்காவிலிருந்து வடக்கே தாதர், 1912இல் நகரின் புறப்பகுதி. அங்கு மெயின் ரோடு எனப்பட்ட தெருவில் மதுரா பவன் என்ற வீட்டை வாடகைக்கு எடுத்துப் பால்கே குடியேறினார். அந்தச் சாலை இன்று தாதாசாகெப் பால்கே சாலை என்று வழங்குகிறது. கோகினூர், ரஞ்சித் போன்ற பெரிய நிறுவனங்கள் பின்னாளில் இதே சாலையை நாடி வந்ததால், சில பத்தாண்டுகள் இது பம்பாய்த் திரைத்தொழிலின் முதன்மைத் தெருவாக இருந்தது. தாதர் கிழக்கு நிலையத்திலிருந்து இறங்கி நடப்போர் இன்று காண்பது கடைகளும் அடுக்குமாடிகளும் நெரிந்த வணிகத் தெரு ஒன்றையே. இங்கு ஒரு காலத்தில் வீட்டுச் சமையலறையும் படச்சுருள் கழுவும் இருட்டறையும் அடுத்தடுத்து இயங்கின என்பதற்கான தடயம் கண்ணில் படுவதில்லை.

அக்காலத்தில் படச்சுருள் பக்கத்துளைகள் இன்றி வருவதுண்டு. கேமராவின் பற்சக்கரம் சுருளைப் பிடித்து நகர்த்துவதற்குத் தேவையான இத்துளைகளைத் தனிக்கருவி கொண்டு, ஒளி படாத இருட்டறையில், ஒன்று விடாமல் போட வேண்டும். பின்னர் படம் பிடித்து, மருந்துக் கரைசலில் கழுவி, ஒளியும் நிழலும் தலைமாறித் தெரியும் நெகட்டிவ் சுருளை உருவாக்கி, அதிலிருந்து திரையிடத்தக்க பாசிட்டிவ் பிரதியை எடுத்து, காட்சிகளை வெட்டி ஒட்டி, இடையிடையே கதைப்போக்கைச் சொல்லும் எழுத்து அட்டைகளைச் சேர்க்க வேண்டும். இவ்வேலைகளில் பெரும்பகுதியைப் பால்கேயும் அவர் மனைவி சரஸ்வதிபாயும் பிள்ளைகளும் வீட்டிலேயே செய்தனர். துளையிடுதல், மருந்து கலத்தல், சுருள் கழுவுதல் ஆகியவற்றைக் கற்றுத் தேர்ந்த சரஸ்வதிபாய், படப்பிடிப்பு நாட்களில் வெயிலை நடிகர்கள் மேல் திருப்ப வெள்ளைத் துணியை ஏந்தி நின்றதோடு, அறுபது பேருக்கு மேல் கொண்ட குழுவுக்குச் சமைத்தும் போட்டார். இந்தியத் திரைத்தொழிலின் முதல் பெண் தொழில்நுட்பக் கலைஞர் என்று அவரைக் கூறுவது மிகையன்று.

பணம் திரட்டிய விதத்திலும் பால்கேயின் இயல்பு வெளிப்படுகிறது. முதலீடு செய்யத் தயங்கியவர்களை நம்பவைக்க, ஒரு தொட்டியில் பட்டாணி விதையை நட்டு, கேமராவை அதன்முன் நிலையாக வைத்து, நாள்தோறும் சில படச்சட்டங்கள் வீதம் பிடித்து, செடி முளைத்து வளர்வதை ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் காட்டும் குறும்படத்தை உருவாக்கினார். நீண்ட காலத்தைச் சுருக்கிக் காட்டும் இவ்வுத்தி இன்று டைம்லாப்ஸ் எனப்படுகிறது. அதைப் பார்த்த பின்னரே கடன் கிடைத்தது. அதுவும் போதாதபோது சரஸ்வதிபாயின் நகைகள் போயின.

ஹரிச்சந்திரனாக நடித்தவர் நாடக அனுபவம் உடைய தத்தாத்ரேய தாமோதர் தாப்கே. மகன் ரோகிதாசனாகப் பால்கேயின் மூத்த மகன் பாலசந்திரா. சந்திரமதிக்கு, மராத்தி மரபில் தாராமதிக்கு, நடிகை கிடைக்கவில்லை. நாடக மேடையிலேயே பெண்கள் தோன்றத் தயங்கிய காலத்தில் கேமராவின் முன் நிற்க எவரும் முன்வரவில்லை. இறுதியில் கிராண்ட் ரோடு உணவகம் ஒன்றில் சமையல் வேலை செய்துவந்த, மெலிந்த உடலும் மென்மையான கைகளும் கொண்ட அண்ணா சாளுங்கே அவ்வேடத்தை ஏற்றார். பெண் வேடமிட வந்த மற்ற ஆண்களோ மீசையை மழிக்க மறுத்தனர். தந்தை இறந்தால் மட்டுமே மீசையை எடுப்பது அவர்களது வழக்கமாக இருந்ததால், தந்தைமாரிடம் நேரில் பேசிச் சம்மதம் பெற வேண்டியிருந்தது.

படம் நான்கு சுருள்களாக, 3,700 அடி நீளத்தில் முடிந்தது. ஐம்பத்தேழாயிரம் புகைப்படங்கள், இரண்டு மைல் நீளம், மூன்றணாவுக்கு என்று விளம்பரங்கள் பறைசாற்றின. 35 மில்லிமீட்டர் சுருளின் ஓர் அடியில் 16 படச்சட்டங்கள் அடங்கும் என்பதால் புகைப்படக் கணக்கு ஏறத்தாழச் சரியே. இரண்டு மைல் என்பதோ வெறும் வியாபாரப் பேச்சு, ஏனெனில் 3,700 அடி முக்கால் மைலைக்கூட எட்டாது. கைவினைஞனின் துல்லியமும் சந்தைக்காரனின் ஆரவாரமும் ஒரே விளம்பரத்தில் அருகருகே நிற்கின்றன. இவற்றுள் முதலாவதை மட்டுமே பால்கே இயல்பாகக் கைக்கொண்டிருந்தார் என்பது பின்னர் தெரியவந்தது.

போர் கணவாய்ப் பாதை

கல்யாணிலிருந்து புனே திசையில் செல்லும் புறநகர் வண்டி பத்லாபூரை அடுத்து வாங்கணியில் நிற்கிறது. ‘ராஜா ஹரிச்சந்திரா’வின் வெளிப்புறக் காட்சிகளுக்குப் பால்கே தேர்ந்த சிற்றூர் இதுவே. வாளும் வேலும் ஏந்திய வேடதாரிகள் ஊருக்குள் நுழைந்ததைக் கண்ட மக்கள் கொள்ளையர் வந்துவிட்டதாக அஞ்சிக் காவலரிடம் முறையிட, குழுவினர் பிடித்துவைக்கப்பட்டனர். பின்னால் வந்து சேர்ந்த பால்கே, கேமராவைக் காட்டி, நடிகர்களைக் கொண்டு ஒரு காட்சியை நிகழ்த்திக் காட்டிய பிறகே விடுவிக்கப்பட்டனர் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். கர்ஜத்தை நெருங்கும் இப்பாதையில் வயல்களுக்கு அப்பால் எழும் மலைச்சரிவுகள், ஒரு புராண நாட்டின் காடாகக் காட்டுவதற்கு ஒப்பனை ஏதும் வேண்டாதவை. பம்பாய்க்கு இவ்வளவு அருகில் இப்படியொரு நிலம் கிடைத்தும் அவர் நிறைவடையவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

கர்ஜத்துக்கு மேல் வண்டி மலையேறி லோணாவளாவை அடைகிறது. அடுத்த நிலையமான மளவலி, கார்லா, பாஜா குடைவரைகளுக்குச் செல்வோர் இறங்கும் இடமாகவே இன்று அறியப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்கு வேறொரு புகழ் இருந்தது: திருவிதாங்கூரின் கிளிமானூரைச் சேர்ந்த ஓவியர் இராஜா ரவிவர்மா பம்பாயில் நிறுவிய அச்சகம் இங்கு இடம்பெயர்ந்திருந்தது. ஓர் ஓவியத்தின் வண்ணங்களைத் தனித்தனியே பிரித்து, ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல் வீதம் பல கற்களால் ஒரே தாளில் மேலுக்குமேல் பதிக்கும் கல்லச்சு முறையில், இலக்குமியும் சரசுவதியும் இங்கிருந்து இந்தியாவின் வீட்டுச் சுவர்களுக்குச் சென்றனர். தமிழ் வீடுகளின் பூசையறைப் படங்களும் நாட்காட்டிகளும் அந்த உருவ மரபையே இன்றும் பின்பற்றுகின்றன.

பால்கேயின் முந்தைய பயிற்சி முழுவதும் இந்தத் திசையையே நோக்கியிருந்தது. பம்பாயின் ஜே.ஜே. கலைப்பள்ளியிலும் பரோடாவின் கலாபவனத்திலும் ஓவியம், புகைப்படம், அச்சுக்கலை ஆகியவற்றைக் கற்று, கோத்ராவில் புகைப்பட நிலையம் நடத்தி, கொள்ளைநோயில் முதல் மனைவியையும் குழந்தையையும் இழந்து, 1903இல் இந்தியத் தொல்லியல் துறையில் வரைவாளராகவும் புகைப்படக்காரராகவும் சேர்ந்தார். வங்கப் பிரிவினையை ஒட்டிச் சுதேசி உணர்வு பரவிய 1906இல் அவ்வேலையைத் துறந்து, லோணாவளாவில் அச்சுக்கட்டை செய்யும் தொழிலைத் தொடங்கியபோது ரவிவர்மா அச்சகத்தின் பணிகளும் அவரிடம் வந்தன. முதலீட்டாளர்கள் சேர்ந்து தொழில் பெருகித் தாதருக்கு இடம்பெயர்ந்தது. 1909இல் இயந்திரங்கள் வாங்க அவர் செருமனி சென்று வந்தார். தொழிலை நடத்தும் முறை பற்றிய சச்சரவில் கூட்டாளிகளை விட்டு வெளியேறியதும் விரைவிலேயே நிகழ்ந்தது. வேலையின் நுட்பத்தில் எவ்விதக் குறையையும் பொறுக்காத ஒருவருக்கும், செலவையும் நாளையும் கணக்கிடும் முதலாளிகளுக்கும் இடையிலான மோதல், திரைப்படத்துக்கு முன்பே ஒருமுறை நடந்து முடிந்திருந்தது.

மளவலியைத் தாண்டி வண்டி தளேகாவை அடைகிறது. ஆளுக்கு ஒரு பைசா திரட்டிச் சுதேசித் தொழில்களை வளர்க்க எழுந்த பைசா நிதி இயக்கத்தின் கண்ணாடித் தொழிற்சாலை இங்குதான் அமைந்தது. பால்கே அத்தொழிற்சாலையைப் பற்றி ஒரு குறும்படம் எடுத்தார். புராணப் படங்களின் ஆசிரியர் என்றே நினைவுகூரப்படும் அவர், தொழிற்கூடங்களையும் திருவிழாக்களையும் தலங்களையும் பதிவுசெய்தார் என்பதும், தீக்குச்சிகளை நகர்த்தி நகர்த்திச் சட்டம் சட்டமாகப் படம்பிடித்து அவற்றை ஆடச்செய்தார் என்பதும், தெய்வக் கதைகளும் அவருக்குச் சுதேசித் தொழில்நுட்பத்தின் ஒரு பகுதியே என்பதை உணர்த்துகின்றன.

புனே ஆவணக்காப்பகம்

புனேயின் சட்டக் கல்லூரிச் சாலையில், 1964இல் நிறுவப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் உள்ளது. நான்கு சுருள்களாக ஓடிய ‘ராஜா ஹரிச்சந்திரா’வில் முதல் சுருளும் கடைசிச் சுருளும் மட்டுமே எஞ்சின. அவையும் 1913ஆம் ஆண்டின் படமா, 1917இல் நாசிக்கில் மீண்டும் எடுக்கப்பட்ட ‘சத்தியவாதி ராஜா ஹரிச்சந்திரா’வா என்பதில் ஆய்வாளர் இடையே கருத்து வேறுபாடு உண்டு. அக்காலச் சுருள்கள் செல்லுலோஸ் நைட்ரேட் என்ற வேதிப்பொருளால் ஆனவை. எளிதில் தீப்பற்றுவதும் நாளடைவில் தானாகச் சிதைவதும் அதன் இயல்பு. 2003 ஜனவரியில் ஆவணக்காப்பகத்தின் நைட்ரேட் கிடங்கில் நேர்ந்த தீவிபத்தில் பழஞ்சுருள்கள் பல எரிந்தன. முன்கூட்டியே பாதுகாப்பான சுருளுக்குப் படியெடுக்கப்பட்டவையே தப்பின.

எஞ்சிய பகுதியின் முதற்காட்சியில், அரசன் மகனுக்கு வில்வித்தை கற்பிக்க, அரசி அருகில் நிற்கிறாள். உருவங்களின் நிலைப்பாட்டிலும் பின்னணியிலும் ரவிவர்மாவின் ஓவிய மரபு வெளிப்படையாகத் தெரிகிறது. மளவலியின் கல்லச்சில் உறைந்திருந்த உருவங்கள் அசைவு பெற்றாற்போலவே அக்காட்சி உள்ளது. அரண்மனைத் தடாகத்தில் நீராடும் பெண்கள் அனைவரும் நனைந்த சேலையணிந்த ஆண்கள். ‘திரைப்படம் எப்படி உருவாகிறது’ என்று விளக்க 1917இல் எடுத்த குறும்படத்தின் சில துண்டுகளும் கிடைத்துள்ளன. அவற்றில் பால்கே நடிகர்களுக்குச் சொல்லித்தருவதையும் சுருளைச் சோதிப்பதையும் காணலாம். ஓர் இயக்குநர் தம் தொழில் முறையையே படமாக்கிக் காட்டியது, அதைக் கற்பிக்கத்தக்க கைத்தொழிலாக அவர் கருதியதற்குச் சான்று.

1927இல், சென்னை வழக்குரைஞரும் பொதுவாழ்வில் புகழ்பெற்றவருமான திவான் பகதூர் டி. ரங்காச்சாரியின் தலைமையில் இந்தியச் சினிமாட்டோகிராஃப் குழு அமைக்கப்பட்டபோது, அதன்முன் சான்றளித்தோருள் பால்கேயும் ஒருவர். இந்தியப் படங்களின் நுட்பத்தரத்தையும் ஒளிப்பதிவையும் அவர் கடுமையாகக் குறைகூறி, முறையான பயிற்சியின் தேவையை வலியுறுத்தினார். ஆவணக்காப்பகம் அமைந்த அதே சாலையில், பிரபாத் நிறுவனத்தின் பழைய வளாகத்தில், 1960இல் திரைப்படப் பயிற்சி நிறுவனம் எழுந்தபோது அவர் மறைந்து பதினாறு ஆண்டுகள் கடந்திருந்தன.

திரியம்பகமும் கோதாவரியும்

நாசிக்கிற்கு மேற்கே ஏறத்தாழ முப்பது கிலோமீட்டரில், பிரம்மகிரி மலையின் அடியில் திரியம்பகேசுவரர் கோயில் அமைந்துள்ளது. பன்னிரு சோதிலிங்கத் தலங்களுள் ஒன்றான இக்கோயிலின் இன்றைய கருங்கல் கட்டடம் பதினெட்டாம் நூற்றாண்டில் பேஷ்வா பாலாஜி பாஜிராவால் எழுப்பப்பட்டது. 1870 ஏப்ரல் 30 அன்று பால்கே பிறந்தது இவ்வூரில். தந்தை வடமொழிப் புலவர். பின்னர் பம்பாய் வில்சன் கல்லூரியில் ஆசிரியரானவர். மழைக்காலத்தில் பிரம்மகிரியின் செங்குத்தான பாறைமுகப்பிலிருந்து அருவிகள் இறங்க, குசாவர்த்தக் குளத்தில் நீராட வருவோர் கூட்டம் அடங்குவதே இல்லை. கௌதம முனிவர் சிவனை வேண்டிக் கங்கையை இம்மலையில் இறக்கினார் என்றும் அதுவே கோதாவரி என்றும் தலபுராணம் கூறுகிறது. கங்கை இறங்கிவந்த கதையையே தம் இறுதிப் படத்துக்குப் பொருளாகக் கொண்ட ஒருவரின் பிறந்த ஊரில், அக்கதை நூலில் படித்தறியும் செய்தியாக அல்லாமல், நாள்தோறும் சடங்காக நிகழ்கிறது.

கோதாவரி அங்கிருந்து நாசிக்கை அடைந்து, பஞ்சவடியின் இராமகுண்டத்தில் படித்துறைகளுக்கிடையே ஓடுகிறது. இராமனும் சீதையும் இலக்குவனும் வனவாசத்தில் தங்கிய இடமாகக் கருதப்படும் பஞ்சவடியில், கருங்கல்லால் ஆன காலாராம் கோயில், சீதையின் குகை, பழைய மரவேலைப்பாட்டு மாளிகைகள், ஆற்றங்கரைச் சிறுகோயில்கள் ஆகிய அனைத்தும் நடந்தே செல்லும் தொலைவில் உள்ளன. 1913 அக்டோபரில் பால்கே இங்கு இடம்பெயர்ந்ததன் காரணம் இத்தெருக்களில் நடக்கும்போது விளங்குகிறது. செயற்கை விளக்கின்றி வெயிலை மட்டுமே நம்பிப் படம்பிடித்த காலத்தில் ஆறும் மலையும் கோயிலும் காடும் கைக்கெட்டும் தொலைவில் இருந்தால் அரங்கப் பொருள்களுக்கான செலவு குறையும். அதோடு பம்பாயின் வாடகையும் கவனச்சிதறலும் இல்லாத ஊரில், நடிகரும் தொழிலாளரும் ஒரே வளாகத்தில் தங்கி, குடும்பம்போல் ஒரு தலைவரின் கீழ் உழைக்க முடியும். தாதர் வீட்டின் ஏற்பாடு நாசிக்கில் ஒரு குடியிருப்பாக விரிந்தது.

இந்த ஏற்பாட்டின் பலன் விரைவில் கிடைத்தது. ‘மோகினி பஸ்மாசுர்’ (1913) படத்தில் துர்காபாய் காமத்தும் அவர் மகள் கமலாபாயும் நடித்ததால் பெண் வேடத்தைப் பெண்ணே ஏற்பது இந்தியத் திரையில் தொடங்கியது. 1914இல் தம் படங்களை இலண்டனுக்குக் கொண்டுசென்ற பால்கே பாராட்டுப் பெற்றார். அங்கேயே தங்கிப் படமெடுக்க வந்த அழைப்பை ஏற்காமல் திரும்பினார். போர் மூண்டு, கச்சாச் சுருள் அரிதாகிக் கடன்காரர் பின்வாங்கிய நிலையிலும், 1917இல் ‘லங்கா தகன்’ பெருவெற்றி கண்டது. சாளுங்கே அதில் இராமனாகவும் சீதையாகவும் நடித்தார். கிர்காவின் வெஸ்ட் எண்ட் கொட்டகையில் காலை முதல் நள்ளிரவு வரை காட்சிகள் நடந்தன என்றும், சென்னையில் வசூலான நாணய மூட்டைகள் காவலர் துணையுடன் மாட்டுவண்டியில் கொண்டுசெல்லப்பட்டன என்றும் திரை வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

வெற்றி முதலீட்டை ஈர்த்தது. 1918 ஜனவரியில் வாமன் ஸ்ரீதர் ஆப்தே முதலியோரைக் கூட்டாளிகளாகக் கொண்டு இந்துஸ்தான் சினிமா ஃபிலிம்ஸ் கம்பெனி உருவானது. பால்கேயின் மகள், சிறுமி மந்தாகினி கிருஷ்ணனாக நடித்த ‘காலிய மர்தன்’ (1919) இக்காலத்தது. தொடக்கத்திலேயே அச்சிறுமியின் முகபாவங்களைத் தனியே காட்டி, நடிப்பு வேறு, தெய்வம் வேறு என்று பார்வையாளருக்கு உணர்த்திவிட்டே அப்படம் கதைக்குள் நுழைகிறது. ஆனால் படத்துக்கு இத்தனை நாள், இவ்வளவு செலவு என்று வரையறுக்க விரும்பிய பங்காளிகளோடு சச்சரவு முற்றி, 1919இல் அவர் நிறுவனத்தை விட்டுக் காசிக்குச் சென்று, ‘ரங்கபூமி’ என்ற நாடகத்தை எழுதினார். 1922இல் அழைப்பின் பேரில் திரும்பியபோது அவர் பங்குதாரர் அல்லர். ஊதியம் பெறும் தயாரிப்புத் தலைவர். அதன்பின் எடுத்த படங்கள் எண்ணிக்கையில் மிகுதி, பேசப்பட்டவை குறைவு.

இதற்கிடையே மலைக்கு அப்பால் தொழில் வேறாகிவிட்டது. தாதர் சாலையின் நிறுவனங்கள் நட்சத்திரங்களை உருவாக்கி, சமகாலக் குடும்பக் கதைகளையும் சாகசப் படங்களையும் எடுத்து, மாதந்தோறும் கொட்டகைகளுக்குப் படம் வழங்கின; எழுத்து, ஒளிப்பதிவு, இயக்கம் ஆகியவை தனித்தனி வல்லுநர்களின் வேலையாயின. 1931 மார்ச்சில் ‘ஆலம் ஆரா’ பேசத் தொடங்கியபோது, பால்கே ஹம்பியிலும் சென்னையிலும் ரத்னகிரியிலும் அலைந்து ‘சேதுபந்தன்’ என்ற மௌனப் படத்தை உருவாக்கிக்கொண்டிருந்தார். 1932இல் வெளிவந்த அதற்குப் பின்னர் குரல் சேர்த்தும் செலவு மீளவில்லை. கோலாப்பூர் சினிடோன் நிறுவனத்துக்காக எடுத்த ‘கங்காவதரண்’ முடிந்ததும் ஓய்ந்து நாசிக்கிலேயே தங்கி, 1944 பிப்ரவரி 16 அன்று காலமானார். ஏறத்தாழ 95 முழுநீளப் படங்களும் 27 குறும்படங்களும் அவருடையவை என்று பொதுவாகக் கணக்கிடப்படுகிறது.

பாண்டவ்லேணி

நாசிக்கின் தெற்கே, மும்பை–ஆக்ரா நெடுஞ்சாலையை ஒட்டிய திரிரச்மி குன்றின் அடிவாரத்தில், மாநகராட்சி அமைத்த பால்கே நினைவிடம் பரந்த பூங்காவாக உள்ளது. அதன் பின்னால் படியேறினால், சாதவாகனரும் மேற்கு சத்ரபரும் பௌத்தத் துறவியருக்காகக் குடைவித்த, பாண்டவ்லேணி எனப்படும் இருபத்துநான்கு குகைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் பத்தாவது குகையின் கல்வெட்டு, சத்ரப மன்னன் நகபானனின் மருமகன் உசவதாதன் அளித்த நிவந்தத்தைப் பற்றியது. துறவியரின் ஆடைக்கும் உணவுக்குமாக அவன் மூவாயிரம் காசுகளைக் கோவர்தனத்தில் வாழ்ந்த நெசவாளர் குழுக்களிடம் வைப்பாக ஒப்படைத்ததையும், ஒரு குழுவிடம் இரண்டாயிரம், மற்றொன்றிடம் ஆயிரம் என்ற பகிர்வையும், ஒவ்வொன்றுக்கும் உரிய வட்டி விகிதத்தையும், முதலைத் திருப்பிக் கேட்கலாகாது என்ற நிபந்தனையையும் அக்கல்வெட்டு எழுத்தெழுத்தாகப் பதிவுசெய்கிறது.

பால்கேயின் வரலாற்றை முழுவதுமாகப் பார்ப்பவர்க்கு இக்கல்வெட்டு வெறும் பழஞ்செய்தியாகத் தோன்றாது. பணம் உடையவருக்கும் கைவினை அறிந்தவருக்கும் இடையே எவர் எதற்குப் பொறுப்பு என்பதை வரையறுக்கும் ஏற்பாடு அவருக்கு ஏறத்தாழ பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தக் குன்றில் பொறிக்கப்பட்டிருக்க, அதன் அடிவாரத்து ஊரில் இந்தியத் திரைப்படத்தைத் தொடங்கிய பட்டறைக்கு அத்தகைய ஏற்பாடு ஒருபோதும் அமையவில்லை. தாதரில் ஒருமுறை, நாசிக்கில் மறுமுறை என்று ஒரே முறிவு இரண்டு தடவை நேர்ந்ததற்கு அவருடைய பிடிவாதம் பாதிக் காரணம். எழுத்திலிருந்து சுருள் கழுவுதல் வரை எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் வைத்திருந்த அவருடைய முறையே மீதிக் காரணம். முதலீடும் முன்னுதாரணமும் இல்லாத 1912இல் அம்முறை இன்றி ஒரு படமும் பிறந்திருக்காது. தொழில் பிரிவுகளாகப் பெருகிய 1920களில் அதே முறை அவரைத் தனிமைப்படுத்தியது. அவர் பெயரில் 1969 முதல் வழங்கப்படும் அரசு விருதும், கோரேகாவின் திரைப்பட நகருக்கு இடப்பட்ட பெயரும் அவரைத் தந்தை என்ற நிலையில் நிறுத்தி வணங்குகின்றன. தந்தை என்ற சொல் தோற்றத்தை மட்டுமே குறிக்கும். அவர் வாழ்நாள் முழுவதும் தீர்க்க முயன்று தோற்ற சிக்கலை, அதாவது நுட்பத்துக்கு விட்டுக்கொடாத ஒரு கலைஞனுக்கும் காலக்கெடு வைக்கும் முதலுக்கும் இடையே நிலைக்கத்தக்க ஒப்பந்தம் எது என்ற கேள்வியை, இந்தியத் திரைத்தொழில் இன்னும் முழுமையாகத் தீர்த்துவிடவில்லை.